ஆடுகிற மேசையும் அவிழ்கிற கட்டும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் போகிறவர்கள் செஞ்சிக் கோட்டைக்குப் போவார்கள், மயிலம் முருகனுக்கும் மேல்மலையனூர் அங்காளம்மனுக்கும் போவார்கள். பாய்மரப் படகைப் பற்றி யோசிக்கிறவர் அநேகமாக இருக்கமாட்டார். கடல் என்றாலே புதுச்சேரி என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் விழுப்புரம் மாவட்டத்துக்கென்று மரக்காணம், வானூர் வட்டங்களில் சொந்தக் கடற்கரை இருக்கிறது. விழுப்புரம் சந்திப்பில் இறங்கி, செஞ்சிச் சாலையில் மண்டகப்பட்டைப் பார்த்து, திண்டிவனம் வந்து, அங்கிருந்து கிழக்கே மரக்காணம் போகும் ஒரு நாள் பாதையில், உலகத்துப் பாய்மரப் படகுக்காரர்கள் எல்லோரையும் எரிச்சலூட்டும் ஒரு சின்னத் தொல்லைக்குப் பதில் கிடைக்கிறது என்பது என் வாதம். அந்தத் தொல்லை, படகின் கேபினுக்குள் ஆடிக்கொண்டிருக்கும் மேசை.

வீட்டு மேசை ஆடினால் காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். படகு மேசையின் கதை வேறு. அது சாப்பிடவும் வரைபடம் விரிக்கவும் மட்டும் இருப்பதில்லை. காற்றில் படகு பதினைந்து இருபது பாகை சாய்ந்து ஓடும்போது கேபினுக்குள் நடக்கிறவர் தடுமாறி முதலில் பிடிப்பது அந்த மேசையைத்தான். செய்தவர் அதைக் கைப்பிடியாக நினைத்திருக்கமாட்டார், பயன்படுத்துகிறவர் அப்படித்தான் பயன்படுத்துவார். கணக்கைப் பாருங்கள். மேசை 70 சென்டிமீட்டர் உயரம். நடுவில் ஒற்றைக் கால். காலின் அடியில் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள உலோகத் தட்டு, அது நான்கு ஸ்குரூவில் தரைப்பலகையோடு பிணைந்திருக்கிறது. விழப்போகிற ஒருவர் மேசை விளிம்பை 30 கிலோ விசையோடு பக்கவாட்டில் இழுக்கிறார் என்று வையுங்கள். அடித்தட்டு ஒரு விளிம்பை ஊன்றிக்கொண்டு மறு விளிம்பில் கிளம்பப் பார்க்கும். ஊன்றிய விளிம்பிலிருந்து எதிர்ப்பக்க ஸ்குரூ பதினேழரை சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அங்கே மேல்நோக்கி விழும் இழுப்பு 120 கிலோ. உலர்ந்த, நல்ல பிளைவுட் ஒருமுறை இரண்டுமுறை தாங்கும். படகின் தரைப்பலகை உலர்ந்திருப்பது அபூர்வம். அலைக்கு அலை இழுப்பு திசை மாறுகிறது. ஸ்குரூவின் மரையைச் சுற்றியுள்ள மரநார் மெல்ல மெல்ல நசுங்கி, ஓட்டை அகலமாகிவிடுகிறது.

இந்த நிலையில் திருப்புளியை எடுத்து இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. இறுக்கினால் ஸ்குரூ சும்மா சுற்றும். அடுத்தது, ஓட்டைக்குள் தீக்குச்சியும் பசையும் திணித்து முறுக்குவது. அதற்கும் அடுத்தது, இன்னும் தடிமனான ஸ்குரூ. இவை எல்லாமே, பிரச்சினை ஸ்குரூவில் இருக்கிறது என்று நம்புகிற வைத்தியங்கள். நோய் அங்கே இல்லை. அந்த 120 கிலோ எங்கே போய் முடியவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் நோய். அந்தக் கேள்வியைக் கேட்டு விடை கண்டவர்கள் நம் பாதையில் ரயில்வேக்காரர்களாகவும் லாரிப் பட்டறைக்காரர்களாகவும் மீனவர்களாகவும் நிற்கிறார்கள்.

விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஐந்து பக்கம் ரயில் பிரிகிறது: சென்னைக்கும், விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கும், கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கும், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கும், புதுச்சேரிக்கும். நடைமேடையில் வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் தண்டவாளத்தைக் குனிந்து பார்க்கலாம். இரும்பு வெயிலில் நீளும். 13 மீட்டர் நீளத் தண்டவாளம் ஒன்று 40 பாகை வெப்ப வித்தியாசத்தில் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். அதற்காகப் பழைய பாதைகளில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, பக்கத் தகடுகளைப் போல்ட் போட்டுப் பிணைத்தார்கள். ரயிலின் தடக் தடக் ஓசை அந்த இடைவெளியின் ஓசைதான். சக்கரம் ஒவ்வொரு இடைவெளியிலும் இறங்கி, அடுத்த தண்டவாளத்தின் முனையை உதைக்கும். உதை வாங்கிய முனை நசுங்கும், போல்ட் தளரும், தளர்ந்ததும் உதை இன்னும் பலமாக விழும். கேபின் மேசையின் கதையும் எழுத்துக்கு எழுத்து இதேதான். இடைவெளி ஒன்று உண்டாகிவிட்டால், அந்த இடைவெளிக்குள் பொருள் வேகம் எடுக்கிறது, வேகம் எடுத்தது மோதுகிறது. ஆட்டம் ஒருமுறை தொடங்கிவிட்டால் அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். மேசை கொஞ்சமாக ஆடுகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ஏன் தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ரயில்வே என்ன செய்தது? தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாக்கி இடைவெளியை ஒழித்தது. கூடவே இன்னொன்றும் செய்தது, அதுதான் நமக்கு முக்கியம். கான்கிரீட் கட்டையில் தண்டவாளத்தைப் பிடித்திருப்பது திருகி இறுக்கிய ஆணி இல்லை, வளைத்து முறுக்கிய ஒரு எஃகுக் கம்பிக் கொக்கி. தண்டவாளத்துக்கு அடியில் ஒரு ரப்பர் பட்டை. கொக்கி ஸ்பிரிங்கைப் போல எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. வண்டி போகும்போது தண்டவாளம் இம்மியளவு அசைகிறது, கொக்கியும் கூடவே அசைகிறது, ஆனால் இரண்டுக்கும் நடுவே தொடர்பு விட்டுப்போவதில்லை. அசைவு இருக்கிறது, இடைவெளி இல்லை. என் வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது: தளர்ச்சி என்பது இடைவெளி, நெகிழ்ச்சி என்பது தொடர்பு விடாத அசைவு. முதலாவதை ஒழிக்கவேண்டும், இரண்டாவதை வேண்டுமென்றே வைக்கவேண்டும். மேசைக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணி, இரண்டையும் சேர்த்து ஒழிக்கப் பார்ப்பதால்தான் தோற்கிறார்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். அதைச் சொல்ல மண்டகப்பட்டைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் கிடையாது. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் சற்று உள்ளே, பாறைக் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் அது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பணி. பிரமன், ஈசுவரன், திருமால் மூவருக்காகவும் விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயர் கொண்ட அரசன் இதை எடுத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சாந்து இல்லாமல் எடுத்தது என்பதுதான் அவன் கொள்ளும் பெருமை. பொறியாளர் பார்வையில் படித்தால், இணைப்பே இல்லாத கட்டடம் கட்டினேன் என்று அரசன் சொல்கிறான். செங்கல்லும் செங்கல்லும் சேரும் இடத்தில் சாந்து, மரமும் மரமும் சேரும் இடத்தில் ஆணி. சேர்கிற இடம்தான் பிரிகிற இடம் என்று அறிந்தவன், சேர்க்கவே மாட்டேன் என்று ஒரே பாறையில் தூணையும் சுவரையும் கூரையையும் வாயில் காப்போரையும் செதுக்க வைத்திருக்கிறான். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக எதுவும் ஆடவில்லை. அப்படியானால் படகிலும் மேசையையும் தரையையும் ஒரே வார்ப்பாக ஃபைபரில் வார்த்துவிட்டால் என்ன? இல்லையென்றால் எபாக்சிப் பசையைக் கொட்டி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டால் என்ன?

செய்யலாம். அப்படி வார்க்கப்படும் உள்ளமைப்புகள் உண்டு, அவை நன்றாகவே நிற்கவும் செய்கின்றன. ஆனால் பாறைக்கும் படகுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது: பாறைக்கு அடியில் பூமி. மண்டகப்பட்டின் தூண் தாங்கும் பாரம் நேராகக் கீழே இறங்குகிறது, திசை மாறுவதில்லை. படகின் உடலோ ஒவ்வொரு அலையிலும் கொஞ்சம் முறுகுகிறது. முறுகும் உடலில் முறுகாத பொருளை ஒட்டினால், விரிசல் ஒட்டின விளிம்பில் வரும். எபாக்சி விடாது, அதற்குப் பக்கத்துப் பிளைவுட் பிளந்துகொள்ளும். ஐந்து நிமிட வேலையாக இருந்தது ஐந்து நாள் வேலையாகிவிடும். இன்னொன்று, இணைப்பில்லாத பொருளைக் கழற்ற முடியாது. கழற்ற முடியாத மேசைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி கசிந்தால் மேசையை அறுக்கத்தான் வேண்டும். மகேந்திரவர்மனுக்கு அந்தக் கவலை இல்லை.

செஞ்சியைத் தாண்டித் திண்டிவனம் வரும்போது சென்னை, திருச்சி நெடுஞ்சாலை குறுக்கே வருகிறது. இந்த நெடுஞ்சாலையோரத்து லாரிப் பட்டறைகளில் கமான் பட்டையைக் கழற்றிப் போட்டிருப்பதைக் காணலாம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகள், நடுவில் யூ போல்ட். பாரம் ஏறும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நெகிழ்கின்றன, அவற்றை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட் மட்டும் அசையவே கூடாது. புதுப் பட்டை மாற்றினால் கொஞ்ச தூரம் ஓட்டியபின் யூ போல்ட்டை மறுபடி இறுக்கவேண்டும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். எது நெகிழவேண்டும், எது இறுகவேண்டும் என்று இரண்டையும் பிரித்து, இறுகவேண்டியதை மறுபடி இறுக்க வழி வைத்திருக்கிறார்கள். கேபின் மேசை செய்கிறவர்களில் பலர், நட்டில் ஸ்பானர் நுழைய இடமே விடுவதில்லை.

திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிவிட்ட கிடங்கல், சங்க காலத்தில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, பாணனை எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர் வழியாக அழைத்துவருகிறது. எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியானால் பாணன் வந்த பாதையை நாம் எதிர்த்திசையில் நடக்கிறோம். கிரேக்க வணிகர் ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய செங்கடல் வழிநூல், இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளைச் சொல்கிறது. பொதுகே அரிக்கமேடு என்றும் சோபட்மா மரக்காணம் என்றும் பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. அதே பத்தியில், ஒற்றை மரங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய கலங்கள் இங்கே ஓடியதாகவும் குறிப்பு உண்டு. அதாவது, மரத்தோடு மரத்தைக் கட்டிக் கடலில் செலுத்துவது இந்தக் கரைக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம்.

உப்பளங்களையும் கழுவேலி ஏரியையும் கடந்து கரைக்கு வந்தால் இப்போது கண்ணில் படுவது ஃபைபர் படகுகள்தான். ஆனால் கட்டுமரத்தை நினைவில் வைத்திருக்கிற கரை இது. கட்டுமரத்துக்கு ஆணி கிடையாது. எடை குறைந்த மரத்தின் சில கட்டைகளைச் செதுக்கி வரிசையாக அணைத்து, முன்னும் பின்னும் கயிற்றால் கட்டுவார்கள். அலை மோதும்போது கட்டைகள் ஒன்றோடொன்று சற்று நெளிந்து கொடுக்கும், கயிறு அந்த நெளிவைத் தாங்கும். கட்டைகளின் நடுவே தண்ணீர் ஏறி இறங்குவதால் உள்ளே நீர் நிறைந்து மூழ்கும் பேச்சே இல்லை. மரம் ஊறி உப்பும்போது கட்டு இன்னும் இறுகும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே வெயிலில் உலர்த்துவார்கள். ஊறிய மரம் கனத்துவிடும் என்பதால். இதில் நம் மேசைக்கு வேண்டிய மூன்று குணங்களும் இருக்கின்றன. விசை ஒரு புள்ளியில் குவியாமல் கயிறு சுற்றிய நீளம் முழுவதும் பரவுகிறது. இணைப்பில் நெகிழ்ச்சி இருக்கிறது, இடைவெளி இல்லை. வேண்டும்போது அவிழ்த்து, உலர்த்தி, பார்த்து, மறுபடி கட்டலாம். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னைக் கரையில் கப்பலுக்கும் மணலுக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் ஏற்றிப்போன மசூலாப் படகும் இதே வம்சம்தான். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், உள்ளே விலா எலும்புச் சட்டம் கிடையாது. வெள்ளைக்காரர்களின் ஆணியடித்த கெட்டிப் படகுகள் அந்த அலையில் உடைந்தன, தைத்த படகு வளைந்து கொடுத்துக் கரையேறியது.

இதற்கு மறுப்பு எனக்குக் கேட்கிறது: அவ்வளவு நல்லதென்றால் மீனவர்கள் ஏன் கட்டுமரத்தை விட்டார்கள்? ஞாயமான கேள்வி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு உதவியாக வந்தவற்றில் ஃபைபர் படகுகளே மிகுதி. அதற்கு முன்பே இயந்திரம் பொருத்தித் தூரம் போகும் ஆசையும் தேவையும் வந்துவிட்டன. ஐஸ் பெட்டி வைக்க இடம் வேண்டும், வலை பெரிதாயிற்று, நல்ல மரம் கிடைப்பது அரிதாயிற்று. அந்தக் காரணங்களில் கயிற்று இணைப்பு தோற்றது என்பது கிடையாது. இன்னொரு மறுப்பை ஏற்கத்தான் வேண்டும்: கட்டை ஒவ்வொரு முறையும் அவிழ்த்துக் கட்ட ஆளும் பொழுதும் வேண்டும், விடுமுறை நாளில் மட்டும் பாய் விரிக்கிறவர் அதைச் செய்யமாட்டார். சரி. மேசையைக் கயிறு போட்டுக் கட்டச் சொல்லவில்லை. கயிறு செய்த வேலைகளை எது செய்யும் என்று தேடச் சொல்கிறேன்.

தேடினால் விடை எந்த ஹார்டுவேர் கடையிலும் இருக்கிறது. மேசைக் காலின் அடித்தட்டைக் கழற்றுங்கள். ஸ்குரூ துருப்பிடிக்காத எஃகு என்று நம்பிவிடாதீர்கள்; காற்றுப்படாத ஈரத்துக்குள் அதுவும் அரிக்கும், தலை பளபளக்க, மரத்துக்குள் இருக்கும் தண்டு மெலிந்திருக்கும். தரைப்பலகையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கறுத்து மெத்தென்று இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி மாற்றாமல் எதைச் செய்தாலும் வீண். நல்ல மரம் என்றால் நன்றாக உலரவிட்டு, பழைய ஓட்டைகளை அகலமாகத் துளைத்து, கெட்டியாக்கிய எபாக்சியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவே புதிதாகத் துளையுங்கள். இனி ஸ்குரூ வேண்டாம், மேலிருந்து கீழே ஊடுருவும் போல்ட் போடுங்கள். கீழே வெறும் வாஷர் போதாது. அடித்தட்டைவிட அகலமான ஓர் அலுமினியத் தகடோ கெட்டிப் பிளைவுட்டோ பின்தட்டாக வேண்டும், அது தரைப்பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் வரை எட்டவேண்டும். இந்தக் கடைசி வரிதான் உயிர். பின்தட்டு பலகையோடு நின்றுவிட்டால் மேசை ஆடாது, பலகையே ஆடும். சட்டம் வரை போனால் விசை படகின் உடலுக்குள் பரவிக் கரைகிறது. தட்டுக்கும் தரைக்கும் நடுவே கல்லாக இறுகும் பசையைப் பூசாமல், ரப்பர் போல நெகிழ்ந்தே இருக்கும் சீலன்ட்டைப் பூசுங்கள். தண்டவாளத்துக்கு அடியிலுள்ள பட்டையின் வேலையை அது செய்யும், ஓட்டைக்குள் ஈரம் இறங்காமலும் காக்கும். நைலான் வளையம் வைத்த நட்டுப் போட்டு, சில நாள் ஓட்டியபின் மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள், லாரிக்காரர் யூ போல்ட்டை இறுக்குவதுபோல. கால் குழாய்க்குள் குழாய் நுழையும் வகையாக இருந்தால் அங்கேயும் இடைவெளி உண்டாகும்; நைலான் பட்டை சுற்றி அதை ஒழிக்கவேண்டும். இவ்வளவுக்கும் பிறகும் ஆள் மேசையைத்தான் பிடிப்பார் என்றால், பக்கத்தில் கூரையோரமாக ஒரு நல்ல கைப்பிடி வைப்பது எல்லாவற்றையும்விட மலிவான பழுதுபார்ப்பு.

மேசைக்கு இவ்வளவு தர்க்கமா என்று சிரிக்கலாம். கரையிலிருந்து தூரம் கூடக் கூடச் சிரிப்பு குறையும். இந்தியக் கடற்படையின் பாய்மரப் படகு தாரிணி, ஆறு பெண் அதிகாரிகளோடு 2017 செப்டம்பர் முதல் 2018 மே வரை உலகைச் சுற்றியபோது, சுக்கான் அமைப்பில் வந்த கோளாறுக்காகத் திட்டமிடாமல் மொரீஷியஸில் நிற்க நேர்ந்தது. அதே தாரிணியில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி 2025 மே கடைசியில் திரும்பிய இருவரில் ஒருவர் நம் பாதைக்குப் பக்கத்து ஊரான புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. உடன் சென்றவர் கோழிக்கோட்டின் தில்னா. இருவர் மட்டும், இருபத்தைந்தாயிரம் கடல் மைலுக்கு மேல். தென்கடலின் நடுவில் பட்டறை இல்லை, தச்சர் இல்லை. அங்கே ஓர் இணைப்பின் தகுதி, அது எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதில் பாதி, கையிலுள்ள ஸ்பானரால் திறக்க முடிகிறதா என்பதில் பாதி. கட்டை அவிழ்த்து உலர்த்திய மரக்காணத்து மீனவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

பழைய பாய்மரப் படகு வாங்கப் போகிறவர்கள் விலை பேசுமுன் கேபின் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சத்தமில்லாமல் இம்மி நெகிழ்ந்து திரும்பினால் கவலை வேண்டாம். டக்கென்று ஒரு தட்டல் கேட்டால் தரைப்பலகையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க முடியாது என்று விற்பவர் சொன்னால், புதுத் தரை போடும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.